துறவியின் பக்கமா, தள்ளியா

தவக்காலத்துக்கு முந்தைய கொழுப்பு வியாழன்

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் ஃபெலாவுக்கு அப்பா வாலென்டி எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, அம்ப்ரோஜி மாமா மூவரும் நலம். அங்கு உன் நலமும் உன் மடத்துச் சகோதரிகளின் நலமும் அறிய ஆவல். உறையின் மேல் சகோதரி பெனிக்னா என்று ஒழுங்காகவே எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதும்போது கை பழைய பெயருக்கே போகிறது, கோபித்துக்கொள்ளாதே.

காலையிலிருந்து வீடெல்லாம் எண்ணெய் வாசனை. உன் அம்மா ரோஜா ஜாம் வைத்து டோனட் பொரித்தாள். முழங்கால் வலி, அதனால் உட்கார்ந்துகொண்டே பொரித்தாள். தின்பதற்கு மூன்று பேர்தான், ஆனாலும் தட்டு நிறைய அடுக்கிவிட்டாள். உன் பங்கு யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கடைசியில் அம்ப்ரோஜி தின்றான். அவனுக்கு அதெல்லாம் தொண்டையில் நிற்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற புதனோடு தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை உங்கள் மடத்துக்குள் கடிதம் வராது, வெளியேயும் போகாது என்று நீ போகும்போதே சொன்னாய். அதற்குள் இது உன் கையில் சேர வேண்டும், உன் பதிலும் கிளம்பிவிட வேண்டும். தபால்காரர் பனியில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்துதான் வருகிறார். அதுதான் பயம்.

குளிர்காலக் குளம் எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் உறைந்த பனி இன்னும் விடவில்லை. அதன் மேல் முழங்கால் அளவுக்கு வெண்பனி. அடியில் வெளிச்சமே போகாது. இலையுதிர் காலத்தில் மழை இல்லாததால் வாய்க்காலும் வற்றி உறைந்துவிட்டது, புதுத் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. நாங்கள் பனியில் ஓட்டை போட்டு, காற்றுப் போக வழக்கம்போல நாணல் கட்டுகளைச் செருகி வைத்திருக்கிறோம். நேற்று ஓட்டையில் தண்ணீர்ப் பூச்சிகள் வந்து மொய்த்தன. பூச்சிகளுக்குப் பின்னால் மூச்சுக்குத் தவித்து மீன்கள் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் புட்டிகளில் தண்ணீர் எடுத்து, நீ காட்டிக் கொடுத்தபடி மருந்து விட்டுப் பார்த்தேன். நல்ல பழுப்பாக இறங்க வேண்டியது வெளிறிப்போய் இறங்கியது, தண்ணீரில் மூச்சுக் காற்று குறைந்துவிட்டது.

அந்தக் குளத்தில் என்ன இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். அடுத்த இரண்டு வருடத்துக் குஞ்சுகள் எல்லாம் அதில்தான். நீ வருடா வருடம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த தாய்மீன்களும் அதில்தான். அது போனால் இந்தக் குளங்களில் எனக்கு வேலை இல்லை, மண்வெட்டியைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தண்ணீருக்குக் காற்றூட்ட நீ வாங்கி வைத்த ஏரேட்டரைக் குளிர்காலத்தில் ஓட்டியதே இல்லை. போன கோடையில் துறவியின் பக்கத்தில், நல்ல ஆழத்தில் போட்டாய், மீன் பிழைத்தது. மின்கம்பி இழுக்க நகரத்திலிருந்து வந்தவர் துறவி யார் என்று விழித்தார். அம்ப்ரோஜி மடையைக் காட்டி, "அந்தா பாருங்க, முக்காடு போட்டுக்கிட்டு தண்ணியில தனியா நிக்குறாரு, அவரை வேற என்னன்னு கூப்பிடுறது" என்றான். இப்போதும் துறவியின் பக்கத்திலேயே போடலாமா, தள்ளிப் போட வேண்டுமா? அம்ப்ரோஜி பக்கத்தில்தான் என்கிறான். இயந்திரத்தோடு வந்த தாளும் ஆழமான இடம் என்றே படம் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் கரையில் பனைமரம் நிற்கிறது. எந்த ஊருக்கு எழுதிய தாளோ.

ஒரு வரி போதும். பக்கமா, தள்ளியா. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
வாலென்டி


தவக்காலத்து முதல் வெள்ளி

இயேசுவுக்கே புகழ்.

கார்மேல் மடத்துத் தலைவி, வணக்கத்துக்குரிய அன்னை அவர்களுக்கு, உங்கள் சகோதரி பெனிக்னாவின் தகப்பன் வாலென்டி பணிவோடு எழுதுவது.

தவக்காலத்தில் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தெரியும். எங்கள் பங்குச் சாமியாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் என் வீடு பற்றி எரியும்போது நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மகளுக்கு எழுதிய கடிதம் சாம்பல் புதனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். வந்திருந்தால் அவள் பதில் போட்டிருப்பாள். என் கடிதம் உங்கள் மேசை இழுப்பறையில் ஈஸ்டருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு ஈஸ்டர் வரை நேரம் இல்லை, அன்னையே.

அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் கையால் ஒரு எழுத்து வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை நீங்களே ஒரு அட்டையில் எழுதிப் போட்டால் போதும். கேள்வி இதுதான்: துறவியின் பக்கத்தில் இருக்கலாமா, தள்ளி இருக்க வேண்டுமா?

அவளுக்கு உடனே புரிந்துவிடும். இங்கே இருந்த காலத்தில் துறவியோடு அவளுக்கு இருந்த பழக்கம் வேறு யாருக்கும் இல்லை. கோடை முழுக்க அந்தப் பக்கமே கிடப்பாள். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட வர மாட்டாள். துறவியின் குணம் குளிர்காலத்தில் எப்படி இருக்கும், கோடையில் எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டில் அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நானும் என் மச்சானும் பக்கத்தில்தான் என்று முடிவு செய்து நேற்று காரியத்தைத் தொடங்கிவிட்டோம். நல்லது நடப்பதாகத் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டோம் போலிருக்கிறது.

தயவு செய்து நாள் கடத்தாதீர்கள். உயிர் போகிற காரியம்.

தங்கள் ஜெபத்தை நாடும்
வாலென்டி


தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு கழிந்த திங்கள்

வணக்கத்துக்குரிய அன்னை அவர்களுக்கு.

உங்கள் பதில் கிடைத்தது. உங்கள் வார்த்தைகளையே திருப்பி எழுதுகிறேன். "சகோதரி பெனிக்னா உலகத்துப் பழக்கங்கள் எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டே உள்ளே வந்தார். நீங்கள் குறிப்பிடும் துறவியைப் பற்றி அவரிடம் பேசுவது அவருக்கு நன்மை தராது. அந்தத் துறவியால் உங்கள் குடும்பத்துக்கு மனவருத்தம் என்றால் அவருடைய சபைத் தலைவரிடம் முறையிடுங்கள். உங்கள் கடிதத்தைச் சகோதரியிடம் காட்டவில்லை."

இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். "உங்களுக்கு வயசாச்சே தவிர அறிவு வந்துச்சா? பொண்ணு பேரைக் கெடுத்துட்டு வந்து நிக்குறீங்களே" என்றாள்.

அன்னையே, அந்தத் துறவி மனிதன் இல்லை. குளத்து மடை. கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்தவும் விடவும் செய்வது. குளம் வைத்திருக்கிற எங்களுக்கு அதற்கு வேறு பெயர் தெரியாது. பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வார்த்தை, அது மடத்துக்குள் போனால் வேறு அர்த்தமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள்மேல் ஏதாவது சந்தேகம் விழுந்திருந்தால் அதை இந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். குற்றம் என் பேனாவுடையது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கேளுங்கள். கெண்டை மீன் குளிர்காலத்தில் ஆழத்தில் கூட்டமாகப் படுத்து உறங்கும். அங்கே மட்டும் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அதை எழுப்பக் கூடாது. பனிக்கு அடியில் மூச்சுக் காற்று குறைந்தால் அதுவாகவே எழுந்துவிடும், எழுந்தால் பிழைப்பது கஷ்டம். அந்தக் காற்றைக் கொடுக்க மகள் வாங்கி வைத்த இயந்திரம் ஒன்று இருக்கிறது. சக்கரம் சுற்றித் தண்ணீரை வாரியடிக்கும். அதைத் துறவியின் பக்கத்தில், அதாவது மடையின் பக்கத்தில், அவை உறங்குகிற ஆழத்துக்கு மேலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். கோடையில் அதுதான் சரி. இப்போது மேலே உள்ள சில்லிட்ட தண்ணீரை அது கலக்கிக் கலக்கி அவற்றின் படுக்கையில் இறக்குகிறது. மீன்கள் எழுந்துவிட்டன. குஞ்சுகள் ஓட்டையில் வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. சனிக்கிழமை ஒரு தாய்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. என் மனைவி அதைக் கையில் ஏந்தி ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் விறைத்துப்போயின, மீன் அசையவில்லை. மேலே காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

நிறுத்திப் பார்த்தோம். நிறுத்தினால் புட்டியில் தண்ணீர் வெள்ளையாக இறங்குகிறது. வெள்ளை என்றால் மூச்சு அறவே இல்லை என்று அர்த்தம். ஓட்டினால் குளிரில் சாகும், நிறுத்தினால் மூச்சு முட்டிச் சாகும். இருதலைக் கொள்ளி எறும்பாகக் கரையில் நிற்கிறேன். மீன்துறை ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சாலை திறந்ததும் வருகிறாராம். அவர் வரும்போது அள்ளுவதற்குக் கூடை கொண்டுவரட்டும். என் மச்சான், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் அத்தான், பழகிக்கும்" என்கிறான். நான் அவனைத் திட்டுகிறேன், அவன் என்னைத் திட்டுகிறான். மீன் அதைக் கேட்டா பிழைக்கப் போகிறது?

குளிர்காலத்தில் ஏரேட்டரை எங்கே வைப்பது என்று அவள் படித்த படிப்பில் இருக்கிறது. ஒரு முறை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினேன். என்ன சொன்னாள் என்று இப்போது மண்டையை உடைத்துக்கொண்டாலும் வரவில்லை.

உங்கள் மடத்து ஒழுங்கை உடைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் ஓய்வுநாளில் உங்கள் மாடு கிணற்றில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். மீனைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பீர்கள். மீனைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவர் கூட்டாளிகள் பாதிப்பேர் மீன்காரர்கள்தானே. அன்னையே, எனக்குக் கோபமாகப் பேசத்தான் தெரியும், மன்னியுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன். அவளிடம் கேளுங்கள். தபாலை நம்பாமல் என் மச்சான் அம்ப்ரோஜியிடமே இதைக் கொடுத்து ரயிலில் அனுப்புகிறேன். பதில் கிடைக்கும் வரை உங்கள் வாசலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நகர மாட்டான், பிடிவாதக்காரன். அவனுக்குக் கொஞ்சம் சூடான சூப் மட்டும் கொடுங்கள்.

தங்கள் கருணையை நம்பி
வாலென்டி


புனித சூசையப்பர் திருநாள்

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகளே,

இதை நீ ஈஸ்டருக்குத்தான் பிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் மாமாவிடம் சொன்னால் சண்டை வருகிறது, உன் அம்மாவிடம் சொன்னால் கண்ணீர் வருகிறது.

உன் பதில் வந்தது. அட்டையில் உன் கையெழுத்து இல்லை, ஆனால் பேச்சு உன்னுடையது. துறவியைவிட்டுத் தள்ளி. வாய்க்கால் வாயில், இடுப்பளவு தண்ணீரில். அடித்தண்ணீரைக் கலக்காமல் கரையோரம் மட்டும் திறந்திருக்கும்படி. பனிமேல் உள்ள வெண்பனியை அகலமான பட்டைகளாகத் தள்ளி வெளிச்சம் விட வேண்டும். அப்பா கோடரியால் பனியை அடிக்கக் கூடாது, அறுக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று காலையில்தான் கோடரியோடு போயிருந்தேன்.

அம்ப்ரோஜி உங்கள் வாசலில் நடந்ததைச் சொன்னான். மடத்துச் சுவரில் பதித்த மரச் சுழல்பெட்டியில் கடிதத்தை வைத்து உட்பக்கமாகச் சுற்றிவிட்டானாம். பிறகு உள்ளேயிருந்து வயதான ஒரு குரல், "தம்பி, அந்தத் துறவி எதால ஆனவரு?" என்று கேட்டதாம். இவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "கான்கிரீட்டும்மா" என்றானாம். அப்புறம் யாரோ சிரித்தார்களாம், அதைக் கேட்டு இன்னும் யாரோ, பிறகு நாலைந்து பேர் சேர்ந்து. "அதுல ஒண்ணு நம்ம ஃபெலா மாதிரி இருந்துச்சு அத்தான்" என்றான். எந்த மாதிரி என்று கேட்டேன். சிரிப்பு மாதிரிதான் என்றான். முதலில் சிரித்ததா, கடைசியிலா, அடக்கிக்கொண்டு சிரித்ததா என்று எல்லாம் கேட்டேன். "சுவத்துக்கு அந்தப்பக்கம் அத்தான், நான் என்ன காதுல தராசா வச்சிருக்கேன்" என்று எரிந்து விழுந்தான். அவனை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சூப் கொடுத்தார்களாம். பீட்ரூட் சூப், நன்றாக இருந்ததாம். நீ வைத்ததா?

நீ சொன்னபடியே செய்தோம். ஏரேட்டரைக் கழற்றிக் கட்டையில் ஏற்றி வாய்க்கால் வாய்க்கு இழுத்துவிட்டோம். அம்ப்ரோஜி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிறுத்தினான். இறங்கும்போது என் பரம்பரையையே திட்டினான், அதில் பாதி அவன் அக்காவுடைய பரம்பரையும் வந்துவிட்டது. வெண்பனியைத் தள்ள ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. உன் அம்மாதான் கோயில் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். கறுப்புப் பட்டைகளாகப் பனிக்கட்டி தெரிய ஆரம்பித்ததும் வெயிலும் வந்தது. இப்போது புட்டியில் தண்ணீர் மறுபடி பழுப்பாக இறங்குகிறது.

ஓட்டையில் இப்போது மீன் இல்லை.

இதைச் சொல்லித்தான் எல்லோரும் என் முதுகில் தட்டுகிறார்கள். "கீழ இறங்கிடுச்சு, படுத்துடுச்சு, விடுங்க வாலென்டி" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் நீ என் மகள், உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? உறங்கப் போனதும் கீழேதான் போகும், செத்ததும் கீழேதான் போகும். இந்தக் குளிரில் செத்த மீன் மேலே மிதக்காது. பனி உடைந்து தண்ணீர் சூடேறினால்தான் வெள்ளை வெள்ளையாக மேலே வரும். அதுவரை பனிக்கு மேலே நிற்கிற எவனுக்கும் ஒன்றும் தெரியாது. நான் தினமும் போய் நிற்கிறேன். முழங்காலிட்டுக் காதை வைத்துப் பார்க்கிறேன். சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. எழுந்த மீன் மறுபடி உறங்குமா என்று கேட்டால், சிலது உறங்கும், பலது உறங்காது என்றுதான் என் அப்பா காலத்திலிருந்து தெரிந்தது. எத்தனை பழுதாகியிருக்கும் என்று கணக்குப் போட முயன்று, பயந்து நிறுத்திவிடுகிறேன். பகலில் பரவாயில்லை. ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால் தைரியம் வருகிறது. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் உப்பிட்ட ஹெர்ரிங் மீன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சாப்பிட முடியவில்லை.

உன் அம்மா தைரியமாக இருக்கிறாள். விரல்கள் பரவாயில்லை, தோல் மட்டும் உரிகிறது. உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். உங்கள் மடத்தில் வெறுங்காலில் செருப்புப் போட்டுத்தான் நடப்பீர்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டும் பின்னுகிறாள். போட்டுக்கொள்ள அனுமதி இல்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடு, ஆனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதே.

நீ போன நாளிலிருந்து உன்னிடம் நான் ஜெபம் கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும். ஊர்க்காரர்கள் எல்லாம் துண்டுச் சீட்டில் வேண்டுதல் எழுதி உங்கள் மடத்துக்கு அனுப்புவார்கள். மாடு கன்று போட வேண்டும், மகன் தேர்வில் தேற வேண்டும் என்று. நான் சிரிப்பேன். மீன்காரனுக்குத் தண்ணீர் போதும், ஜெபம் எதற்கு என்பேன். குளத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி குளத்தை விட்டுவிட்டுப் போய், சுவருக்குள் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன லாபம் என்றும் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவிடம்தான் சொன்னேன். ஆனாலும் உன் காதுக்கு வந்திருக்கும்.

இப்போது கேட்கிறேன். செய்யத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டேன். நீ சொன்னதையும் செய்துவிட்டேன். இனி என் கையில் ஒன்றும் இல்லை.

இது உன் கைக்கு வரும்போது பனி உருகியிருக்கும். பிழைத்ததா போனதா என்று எனக்குத் தெரிந்திருக்கும், காக்கைக்கும் தெரிந்திருக்கும். உனக்கு மட்டும் தெரிந்திருக்காது. அதனால் நீதான் சரியான ஆள். பனி இன்னும் மூடியிருக்கிறது, அப்பா அதன் மேல் முழங்காலிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேண்டிக்கொள். நடந்து முடிந்ததற்கு வேண்டிக்கொள்ளலாமா என்று உங்கள் அன்னையிடம் கேட்காதே. முறை இல்லை என்று சொல்லிவிடப் போகிறார். ஆண்டவருக்கு நேற்று இன்று கிடையாது என்று நீதான் ஒரு முறை சொன்னாய். அது உண்மையாக இருந்தால் நீ ஈஸ்டரில் கேட்பது அவருக்கு இன்றே கேட்கும்.

மீனுக்காகக் கேள். அப்புறம் நேரம் இருந்தால் உன் அம்மாவுக்காகக் கேள். எனக்காகக் கேட்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. எனக்காகவும் கேள், மகளே. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தாவது எங்களை விட்டுவிடாதே.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா
வாலென்டி